கடன் பதிவும் வேலைவாசலும்: கோத்தா திங்கியை முன்வைத்து ஒரு சட்ட விசாரணை

கேள்வி

கடன் கேட்டு வருகிறவரின் கடன் வரலாற்றை வங்கி பார்க்கிறது. அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. திருப்பித் தருவாரா என்று கணிப்பதற்காகவே அந்தப் பதிவு உருவானது. அதே பதிவை வேலை கேட்டு வருகிறவரிடம் முதலாளி கேட்கலாமா? கேட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்? அதைப் பார்த்து வேலை இல்லை என்று முடிவெடுத்தால், அந்த முடிவை விண்ணப்பதாரர் எங்கே எதிர்ப்பார்? மலேசியாவில் கடன் தகவலுக்குச் சட்டம் இருக்கிறது, தனிநபர் தரவுக்குச் சட்டம் இருக்கிறது, வேலைக்குச் சட்டம் இருக்கிறது. இந்த மூன்றும் சந்திக்க வேண்டிய இடத்தில் எந்தச் சட்டமும் இல்லை. நுகர்வோர் கடன் துறையையே மாற்றியமைக்கும் ஒரு சட்டம் 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோதும் இந்த இடம் காலியாகவே விடப்பட்டது. இந்தக் கட்டுரை ஆராய்வது அந்த வெற்றிடத்தைத்தான்.

கோத்தா திங்கியை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. பரப்பளவில் ஜொகூரின் மிகப் பெரிய மாவட்டம் அது. ரப்பரும் செம்பனையும் பெல்டா குடியேற்றங்களும் நிறைந்த நிலம். அதே மாவட்டத்தின் தென்கிழக்கு முனையில் பெங்கேராங் ஒருங்கிணைந்த எண்ணெய் வளாகம் நிற்கிறது. பெட்ரோனாசும் சவூதி அராம்கோவும் சரிபாதிப் பங்கில் நடத்தும் சுத்திகரிப்பாலை அங்கே உள்ளது. நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஜொகூர் பாரு, பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் பெங்கேராங்கையும் உள்ளடக்கியது.

தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறைக்குக் கங்காணியின் சொல்லோ தண்டலின் சொல்லோ போதுமானதாக இருந்தது. ஜாலான் தாஜுல் தமிழ்ப்பள்ளியில் படித்து வெளியே வரும் இன்றைய பிள்ளை, ஆலை வாயிலிலும் வங்கி வாயிலிலும் பாதுகாப்பு நிறுவன வாயிலிலும் தன்னைப் பற்றிய பதிவுகளைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அந்தப் பதிவுகளில் ஒன்று கடன்.

துண்டு முறை: பழைய இணைப்பு

கடனையும் வேலையையும் ஒரே காகிதத்தில் எழுதும் வழக்கம் தமிழ்த் தொழிலாளருக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களில் அதன் பெயர் துண்டு. ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது. புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும், அதோடு புது முன்பணமும் சேரும். ஒருவர் எங்கே வேலை செய்யலாம் என்பதை அவர் எவ்வளவு பட்டிருக்கிறார் என்பதே தீர்மானித்தது.

1921இல் இலங்கை அரசு சட்டமியற்றித் துண்டு முறையை ஒழித்தது. மலாயா வேறொரு வழியில் போனது. 1907இல் அமைக்கப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதி முதலாளிகளிடம் தலைவரி வசூலித்து, வரும் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. இதனால் கப்பலிலிருந்து இறங்குகிறவர் சட்டப்படி கடனாளியாக இறங்கவில்லை. நடைமுறையில் கங்காணியின் பிடி அத்தனை எளிதில் தளரவில்லை என்பதும் வரலாறுதான். ஆயினும் ஒரு கொள்கை அன்றே ஏற்கப்பட்டது: ஆளின் கடன் அவர் வேலையின் நிபந்தனையாகக் கூடாது. அன்றைய காலனி ஆட்சியாளர்கள் இதை இரக்கத்தால் மட்டும் செய்யவில்லை. கடன் சீட்டு தொழிலாளர் சந்தையையே நாசமாக்குகிறது என்று கண்டுதான் செய்தார்கள்.

இன்றைய கடன் அறிக்கையும் துண்டும் ஒன்றே என்று நான் வாதிடவில்லை. துண்டு ஆளை ஒரு தோட்டத்தோடு கட்டிப்போட்டது, இன்றைய அறிக்கை யாரையும் கட்டுவதில்லை. ஆனால் விளைவின் திசை ஒன்று. கடன்பட்டவர் கடனை அடைப்பதற்கு வேண்டிய வேலையை, கடன்பட்டிருப்பதாலேயே இழக்கிறார். 1921இல் பிரித்த இரண்டும் நூறாண்டுக்குப் பிறகு மீண்டும் சேர்கின்றன. இந்த முறை ஒரு கையெழுத்தின் வழியாக.

பதிவேடுகள் என்ன சொல்கின்றன

மலேசியாவில் கடன் தகவலுக்கு இரண்டு ஊற்றுகள். முதலாவது மத்திய வங்கியான பேங்க் நெகாரா நடத்தும் சிசிஆர்ஐஎஸ் என்னும் மத்திய கடன் தகவல் முறை. 2001 முதல் இயங்குகிறது. வங்கிகளும் பிற நிதி நிறுவனங்களும் தங்கள் கடனாளிகளின் விவரத்தை மாதந்தோறும் இதற்குத் தருகின்றன. இரண்டாவது ஊற்று தனியார் கடன் தகவல் நிறுவனங்கள். 1990இல் தொடங்கிய சிடிஓஎஸ், எக்ஸ்பீரியன், கிரெடிட் பியூரோ மலேசியா முதலியவை இவ்வகை. நீதிமன்ற வழக்கு, திவால் அறிவிப்பு, நிறுவனப் பதிவு, வணிகக் கடன் பாக்கி ஆகியவற்றை இவை திரட்டுகின்றன. சிடிஓஎஸ் 300 முதல் 850 வரையிலான ஒரு மதிப்பெண்ணையும் தருகிறது.

சிசிஆர்ஐஎஸ் அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் எளிமை வியப்பைத் தரும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். தவணை ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0. ஒரு தவணை பாக்கி என்றால் 1, இரண்டு பாக்கி என்றால் 2. கருத்து இல்லை, தீர்ப்பு இல்லை. இது கறுப்புப் பட்டியல் அன்று என்று பேங்க் நெகாராவே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் மிகைநேர வேலை நின்றுபோனதால் கார்த் தவணையில் இரண்டு மாதம் தவறி, பிறகு சிறுகச் சிறுக அடைத்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் வரிசையில் 0, 0, 1, 2, 2, 1, 0 என்று எண்கள் ஏறி இறங்கும். மிகைநேரம் நின்றது அந்த எண்களில் தெரியாது. தாயாரின் மருத்துவச் செலவு தெரியாது. பாக்கியை அடைக்க அவர் பட்ட பாடும் தெரியாது. வங்கிக்கு அந்த வரிசை போதும், அடுத்த தவணை வருமா என்பதுதான் அதன் கவலை. ஒரு மேற்பார்வையாளர் பதவிக்கு இவர் தகுந்தவரா என்று கேட்கும் மனிதவள அதிகாரிக்கு அந்த எண்கள் என்ன சொல்லும்?

முதலாளி நேரடியாக சிசிஆர்ஐஎஸ்ஸைத் திறந்து பார்க்க முடியாது. அதற்கான அனுமதி நிதி நிறுவனங்களுக்கும் பதிவுபெற்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும்தான். ஆனால் தன் பதிவைத் தானே இலவசமாக எடுத்துக்கொள்ளும் வசதி ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. நல்ல வசதி அது. அதுவே பின்கதவாகவும் ஆகலாம். நேர்காணலுக்கு வரும்போது உங்கள் கடன் அறிக்கையையும் எடுத்து வாருங்கள் என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்தத் தகவல் நிறுவனத்தையும் அது நாடவில்லை, எந்த அனுமதியையும் மீறவில்லை. விண்ணப்பதாரர் தன் கையாலேயே கொண்டுவந்து நீட்டுகிறார். அதைக் கேட்கக் கூடாது என்று சொல்லும் சட்டப் பிரிவு மலேசியாவில் இல்லை.

மூன்று சட்டங்களும் நடுவிலுள்ள இடமும்

2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், 710ஆம் எண் சட்டம், 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிதியமைச்சின் கீழுள்ள பதிவாளர் அலுவலகம் இந்நிறுவனங்களைக் கண்காணிக்கிறது. வாடிக்கையாளரின் சம்மதம், தகவலின் துல்லியம், தவறு இருந்தால் திருத்தக் கோரும் உரிமை ஆகியவை இச்சட்டத்தின் தூண்கள். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2010க்கு முன் இவை சட்டமாக இல்லை.

அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 709ஆம் எண், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. இதில் மூன்று விலக்குகள் நம் கேள்விக்கு முக்கியமானவை. ஒன்று, கூட்டரசும் மாநில அரசுகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. இரண்டு, சட்டம் வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுகளைப் பற்றியே பேசுகிறது. வேலைக்கு விண்ணப்பிப்பது வணிகப் பரிவர்த்தனையா என்பது வாதத்துக்கு இடம்தரும் விஷயம். மூன்று, கடன் தகவல் நிறுவனங்களின் கடன் அறிக்கைத் தொழில் இச்சட்டத்தின் வரையறையிலிருந்தே நீக்கப்பட்டிருக்கிறது, அதற்குத்தான் 710 இருக்கிறதே என்ற எண்ணத்தில். 2024இன் திருத்தங்கள் 2025இல் ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று கட்டமாக அமலாகின. தரவுக் கசிவை அறிவிக்கும் கடமை வந்தது. தண்டத்தின் உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. விலக்குகள் இருந்தபடியே இருக்கின்றன.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஒருவர் குற்றம் செய்தார் என்ற தகவலை, அது குற்றச்சாட்டாக மட்டும் இருந்தாலும், 709 நுண்ணிய தரவாக வகைப்படுத்தி வெளிப்படையான சம்மதத்தைக் கோருகிறது. கடன் தகவலுக்கு அந்தத் தகுதி இல்லை. சிறை சென்றவரின் பதிவுக்குச் சட்டம் தரும் மரியாதை, தவணை தவறியவரின் பதிவுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது, 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 69எஃப் பிரிவு, வேலையில் பாகுபாடு காட்டப்பட்டதாக எழும் தகராற்றைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்க வழிசெய்கிறது. பாகுபாடு என்றால் எது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராற்றைப் பற்றித்தான் அது பேசுகிறது. இன்னும் தொழிலாளி ஆகாதவர், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர், அதில் வெளிப்படையாக இடம்பெறவில்லை.

இப்போது புதிய சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் கடன் மசோதா 2025 மார்ச் 4ஆம் நாள் மக்களவையில் முதல் வாசிப்புக்கு வந்து, ஜூலையில் அங்கே நிறைவேறியது. இப்போது வாங்கிப் பிறகு கட்டும் சேவைகள், குத்தகைக் கடன், கடன் வசூல் நிறுவனங்கள், வாராக்கடனை வாங்கும் நிறுவனங்கள் என அதுவரை எவர் கண்காணிப்பிலும் முழுமையாக இல்லாதவற்றை நுகர்வோர் கடன் ஆணையம் ஒன்றின் கீழ் கட்டம் கட்டமாகக் கொண்டுவருவது அதன் நோக்கம். வீட்டு வாசலில் நின்று மிரட்டும் வசூல்காரர்களைக் கண்ட எவரும் இதை வரவேற்பார். நானும் வரவேற்கிறேன். ஆனால் உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் பெருகும்போது பதிவுகளும் பெருகும் என்று எதிர்பார்ப்பதே முறை. கைப்பேசியில் தவணைக்கு வாங்கிய காலணிகூட நாளை ஒரு பதிவாகலாம். கடன் கொடுப்பவரும் வசூலிப்பவரும் எப்படி நடக்க வேண்டும் என்பதை இச்சட்டம் கவனிக்கிறது. அந்தப் பதிவைப் பிறகு கையில் வாங்கும் முதலாளி அதன் பார்வையில் படவில்லை.

சம்மதத்தின் மதிப்பு

கடன் தகவல் சட்டமும் தனிநபர் தரவுச் சட்டமும் கடைசியில் சம்மதம் என்ற ஒன்றையே நம்பி நிற்கின்றன. அந்தச் சம்மதம் எங்கே பெறப்படுகிறது என்று பார்ப்போம். வேலை விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கம். எதிர்பார்க்கும் சம்பளம், அவசரத் தொடர்பு எண், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி. மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். விண்ணப்பதாரரின் கல்வி, முந்தைய வேலை, குற்றப் பதிவு, நிதி நிலை ஆகியவற்றை நிறுவனமோ அது நியமிக்கும் மூன்றாம் தரப்போ விசாரிக்கச் சம்மதிக்கிறேன் என்கிற பொருளில் ஓடும். கீழே கையெழுத்துக்கு ஒரே கோடு. அந்தக் கோடு படிவம் முழுமைக்கும் பொது. நிதி நிலை பற்றிய வரிக்கு மட்டும் சம்மதம் இல்லை என்று சொல்ல அங்கே இடமில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். இந்தச் சம்மதத்தைச் சட்டம் செல்லும் என்கிறது. வேலை தேடி நிற்பவரின் நிலையை அறிந்த எவரும் இதைச் சுதந்திரமான சம்மதம் என்று சொல்லத் துணியமாட்டார்.

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுக் கடன் அறிக்கைச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிட முன்னே நிற்கிறது. வேலைக்காகக் கடன் அறிக்கை பெறுவதாக இருந்தால் அதைத் தனித் தாளில் சொல்லி எழுத்தில் அனுமதி பெற வேண்டும். அறிக்கையின் அடிப்படையில் பாதகமான முடிவெடுக்கும் முன் அதன் பிரதியை விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும். தவறு இருந்தால் அவர் சுட்டிக்காட்டலாம். மலேசிய விண்ணப்பதாரருக்கு வழக்கமாகக் கிடைப்பது மௌனம். எதனால் வேலை கிடைக்கவில்லை என்றே தெரியாதவர், தவறான பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்?

பதிவுகளில் தவறு வரும் என்பது கற்பனை இல்லை. 2024 மார்ச்சில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், தன்னைப் பற்றிய தவறான தகவலால் கடன் வசதியை இழந்ததாக வழக்குத் தொடர்ந்த ஒரு விடுதி உரிமையாளருக்கு 2 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கும்படி சிடிஓஎஸ்ஸுக்கு உத்தரவிட்டது. மதிப்பெண் கணிக்க அந்நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியையும் எழுப்பியது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. சட்டக் கேள்வி எந்தப் பக்கம் தீர்ந்தாலும், அந்த வழக்கு நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் வங்கி கைவிரித்தபோது பாதிக்கப்பட்டவருக்கு ஏன் என்று தெரிந்ததுதான். வேலை மறுக்கப்படுகிறவருக்கு அது தெரிவதில்லை.

சென்னையிலிருந்து ஒரு தீர்ப்பு

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. ஸ்டேட் வங்கி 2020இல் வட்டார அதிகாரிப் பதவிக்கு விளம்பரம் செய்தது. கடன் தவறியவர்களும் இந்தியக் கடன் தகவல் நிறுவனமான சிபிலின் பாதகமான அறிக்கை உடையவர்களும் தகுதியற்றோர் என்பது அறிவிப்பிலேயே இருந்த நிபந்தனை. தேர்வில் வென்று நியமன ஆணையும் பெற்ற ஒருவரின் நியமனத்தை, அவரது பழைய கடன் வரலாற்றைக் காட்டி 2021இல் வங்கி ரத்து செய்தது. விளம்பரம் வரும்போது தன் கடன்களையெல்லாம் அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். மாலா வங்கியின் முடிவைச் சரியென்றார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் வேலைக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது என்பது தீர்ப்பின் மையம்.

இந்தத் தீர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. நிபந்தனை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது, வேலைக்கும் பணத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. மலேசியாவிலும் நிதி நிறுவனங்கள் தம் ஊழியர்களின் நேர்மையையும் நிதி நிலையையும் சரிபார்க்க வேண்டும் என்று பேங்க் நெகாரா எதிர்பார்க்கிறது. அது நியாயமே. என் கருத்து வேறுபாடு ஒரே இடத்தில்தான். அடைத்த கடனும் அடைக்காத கடனும் ஒன்றாகுமா? அடைத்த பிறகும் பழைய தவறுகள் தகுதியைக் கெடுக்கும் என்றால், அடைப்பதற்கு என்ன ஊக்கம் இருக்கிறது? 2023இல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி. வி. குஞ்ஞிகிருஷ்ணன், குறைந்த சிபில் மதிப்பெண்ணைக் காட்டி மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றார். கடன் தருவதற்கே மதிப்பெண் முடிவான அளவுகோல் ஆகாது என்று ஒரு நீதிமன்றம் சொல்ல, வேலை தருவதற்கு ஆகும் என்று இன்னொன்று சொல்கிறது. முன்னதில் எதிர்காலம் பார்க்கப்பட்டது, பின்னதில் கடந்தகாலம்.

சென்னைத் தீர்ப்பின் தர்க்கம் வங்கி அதிகாரியோடு நிற்குமா என்பதே என் அச்சம். கிடங்குக் காவலர், ஆலை கெரானி, சுற்றுலா விடுதிப் பணியாளர் என்று அது இறங்கி வந்தால் தடுக்க மலேசியச் சட்டத்தில் ஒரு படி கூட இல்லை.

சான்று என்ன சொல்கிறது

கடனில் தவறியவர் வேலையிலும் தவறுவார் என்பது ஓர் ஊகம். அதற்குச் சான்று உண்டா? 2010இல் ஆரிகன் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் பேசிய டிரான்ஸ்யூனியன் நிறுவனப் பிரதிநிதி, கடன் அறிக்கைக்கும் வேலைத் திறனுக்கும் மோசடி செய்யும் வாய்ப்புக்கும் தொடர்பு காட்டும் ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அறிக்கையை விற்கும் நிறுவனமே சொன்னது இது. அவ்வாண்டு ஆரிகன் இத்தகைய சோதனையைக் கட்டுப்படுத்தியது. வாஷிங்டன், ஹவாய், இல்லினாய், கலிபோர்னியா எனப் பல மாநிலங்கள் அந்த ஆண்டுகளில் அதே வழியில் சென்றன. எதிர்ச்சான்றும் உண்டு. 2012இல் ஜெரமி பெர்னர்த்தும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, கடன் மதிப்பெண்ணுக்கும் கடமையுணர்வுக்கும் பணித்திறனுக்கும் தொடர்பு கண்டது. ஆனால் முதலாளிகள் மிகவும் அஞ்சும் பணியிட முறைகேட்டோடு தொடர்பு எதையும் காணவில்லை. திருட்டைத் தடுக்கவே கடன் அறிக்கை பார்க்கிறோம் என்ற வாதம் இதனால் பெரிதும் பலவீனப்படுகிறது.

அப்படியானால் தடை போட்டுவிடலாமா? இங்கேதான் சீர்திருத்தம் விரும்புகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டும். அலெக்சாண்டர் பார்ட்டிக், ஸ்காட் நெல்சன் இருவரின் ஆய்வு, கடன் சோதனைக்குத் தடை வந்த மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு வேலை கிடைப்பது குறைந்தது என்று காட்டியது. நிதி நெருக்கடியில் இருந்தவர்களை மட்டும் பார்த்த வேறோர் ஆய்வு, தடை அவர்களுக்கு உதவியது என்றது. குற்றப் பதிவிலும் இதே சிக்கல். அமந்தா ஏகன், சோன்யா ஸ்டார் ஆகியோர் நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். படிவத்தில் குற்றப் பதிவுக் கேள்வி இருந்தவரை வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரைவிட 7 சதவீதமே கூடுதல் அழைப்பு. கேள்வியை நீக்கிய பிறகு அது 43 சதவீதமானது. தகவல் கிடைக்காத முதலாளி நிறத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கினார் என்பதே இதன் பொருள்.

மலேசியாவில் இந்த ஆபத்தை லேசாக எண்ண முடியாது. லீ ஹுவோக் ஆனும் முகமது அப்துல் காலிதும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒத்த மலாய், சீனப் பெயர்களில் அனுப்பிய விண்ணப்பங்களுக்குத் தனியார் நிறுவனங்களிலிருந்து வந்த அழைப்புகளில் பெரும் இடைவெளி இருந்தது. சீனப் பெயர்களுக்கு 22 சதவீதம், மலாய்ப் பெயர்களுக்கு 4 சதவீதம் அளவில். பெயரே இவ்வளவு பேசும் நாட்டில், தோட்டப் பின்னணித் தமிழ் இளைஞரைப் பற்றி ஏற்கெனவே உலவும் கடன், குண்டர் கும்பல், போதை என்னும் ஊகங்களுக்கு எதிராக அவர் காட்டக்கூடிய சுத்தமான பதிவு ஒன்று அவருக்கு உதவவும் கூடும். ஆகவே பதிவை ஒட்டுமொத்தமாக மறைப்பதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். எதைப் பார்க்கலாம், எவ்வளவு காலம் பார்க்கலாம், பார்த்தபின் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானிக்க வேண்டும்.

குற்றப் பதிவு: காலாவதி இல்லாத ஏடு

வேலைவாசலில் கேட்கப்படும் இன்னொரு பதிவான குற்றப் பதிவு தனிக் கட்டுரைக்குரிய விஷயம். சுருக்கமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிங்கப்பூரில் 2005இன் திருத்தம் முதல், சிறு குற்றத்துக்கான தண்டனைப் பதிவு குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வாழ்ந்தால் காலாவதியாகிறது. சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு மிகாத சிறையோ 2,000 டாலருக்கு மிகாத அபராதமோ பெற்றவர், ஐந்தாண்டு குற்றமின்றிக் கடந்தால் பொதுவாக இந்த விதிக்குள் வருவார். மலேசியாவின் 1969ஆம் ஆண்டுக் குற்றவாளிகள், விரும்பத்தகாதோர் பதிவுச் சட்டத்தின் கீழ் அத்தகைய ஏற்பாடு இல்லை. பத்தொன்பது வயதில் நடந்த ஒரு கைகலப்புக்கு அபராதம் கட்டியவர், நாற்பதிலும் படிவத்தின் கட்டத்தில் ஆம் என்றே குறிக்க வேண்டியவர். கோத்தா திங்கியிலிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய தீவில், ஒரு குடிமகனுக்கு அந்தக் கட்டத்தைத் தாண்ட ஒரு காலக்கெடு இருக்கிறது.

கடன் பக்கத்திலும் எல்லை தாண்டும் கதை உண்டு. திவாலானவர் திவால்துறைத் தலைமை இயக்குநரின் அனுமதியோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. அன்றாடம் பாலம் கடந்து சம்பாதிக்கும் ஜொகூர்வாசிக்கு இது வேலையிழப்புக்குச் சமம். கடனை அடைக்கும் வருமானம் பாலத்துக்கு அப்பால், தடை பாலத்தின் முன்னால். திவால் வரம்பை 2017இல் 50,000 ரிங்கிட்டாகவும் பிறகு 1 லட்சமாகவும் உயர்த்தியதும், 2023இல் விடுவிப்பை எளிதாக்கியதும் அரசு இந்த முரணை உணர்ந்திருப்பதைக் காட்டுகின்றன. 2018இல் உயர்கல்விக் கடன் பாக்கிக்காரர்களின் பயணத் தடை நீக்கப்பட்டதும் அதே உணர்வில்தான். வாழ்வாதாரத்தைத் தடுப்பது கடனை வசூலிக்கும் வழியல்ல என்பதை மூன்று முறை ஏற்ற அரசுக்கு, நான்காவது முறையும் ஏற்பது கடினமாக இருக்கக் கூடாது.

என்ன வேண்டும்

710ஆம் எண் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாலே பெரும்பகுதி தீரும். கடன் தகவலை வேலைக்காகப் பயன்படுத்துவது, பணத்தையும் நிதிப் பொறுப்பையும் நேரடியாகக் கையாளும் பதவிகளுக்கு மட்டும் என்று வரையறுக்க வேண்டும். அறிக்கையை விண்ணப்பதாரர் மூலமாகவே கேட்டுப் பெறுவதும் அதே விதிக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் பின்கதவு திறந்தே கிடக்கும். சம்மதம் தனித் தாளில், விண்ணப்பதாரருக்குப் புரியும் மொழியில். பாதகமான முடிவுக்கு முன் பிரதியும் காரணமும், பதில் சொல்ல அவகாசமும். அடைத்து முடித்த கடன் வேலை விஷயத்தில் கணக்கில் வரக் கூடாது. 69எஃப் பிரிவு வேலை தேடுவோரையும் பெயர் சொல்லி உள்ளடக்க வேண்டும். அரசும் முதலாளியாக இருக்கும்போது 709இலிருந்து விலக்குப் பெறுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

அமெரிக்காவில் முதலாளிகளின் கடன் சோதனையைக் கட்டுப்படுத்தும் பிரிவுகளோடு ஒரு மசோதா 2020 ஜனவரி 29இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் தேங்கிப்போனது. சட்டம் வரும்வரை காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருக்க நேரிடும். ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் பதிவை பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் இணையத்தளத்தில் எடுத்துப் பாருங்கள், கட்டணம் இல்லை. தவறு இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். தவணை கைமீறிப் போயிருந்தால் 2006 முதல் இயங்கும் ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை அமைப்பை நாடுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. படிவத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். வேலை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் தரும் கடமை அவர்களுக்கு இன்று இல்லை. அந்தக் கடமையைச் சட்டமாக்கும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.